நாலு தாளில் ஒன்று பொய்

பன்னிரண்டு தாள்களையும் எண்ணி முடித்த பிறகுதான் அவர் மூச்சு விடுவார். எண்ணியதை மறுபடி ஒருமுறை எண்ணி, அடுக்கி, நாலாக மடித்து, மடிப்பில் நகத்தை ஓட்டிக் கிழிப்பார். கிழித்ததை மறுபடி கிழிப்பார். பாதியை நூலக வாசலில் இருக்கும் குப்பைக் கூடையில் போடுவார். மீதியை எடுத்துக்கொண்டு கைகழுவும் இடம் வரை நடந்து, அங்கே இருக்கும் கூடையில் போடுவார். புதன்கிழமை நாலாம் பாடவேளை முடிந்தால் இது நடக்கும். இடுப்பு வலி பிடித்த நாளிலும் நடக்கும்.

"எதுக்கு சார் ரெண்டு கூடை? யாராவது எடுத்து ஒட்டிடுவாங்களா?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும்.

"ஒட்டுறவன் இருக்கான்" என்பார், தலையைத் தூக்காமல். "உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

பள்ளிக்கூடத்தில் அவர் நூலகர். பிள்ளைகள் வைத்த பெயர் 'யார்சொன்னா சார்'. யார் எதைக் கொண்டுவந்து சொன்னாலும் "யாரு சொன்னா?" என்றுதான் முதலில் கேட்பார். நாளைக்கு விடுமுறையாம் என்றாலும் அதே கேள்வி, கேன்டீனில் டீ தீர்ந்துவிட்டது என்றாலும் அதே கேள்வி. ஒருநாள் வாட்ச்மேன் வந்து, "சார், மணி நாலாயிடுச்சு, பூட்டணும்" என்று சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள், "கடிகாரம் சொல்லிச்சு சார்" என்று தானே முடித்துக்கொண்டார்.

ஒல்லியான ஆள். ஐம்பத்தாறு வயது. கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தொங்குகிறது என்பதை மறந்து மேசையெல்லாம் துழாவுவார். சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து ரப்பர் பாண்டுகள் இருக்கும். யோசனை வந்தால் ஒன்றை எடுத்து ஆள்காட்டி விரலில் சுற்ற ஆரம்பிப்பார். விரல் நுனி நீலம் பாரிக்கும் வரை சுற்றி, பிறகு ஏதோ வேறு ஒருவருடைய விரலைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அவிழ்ப்பார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நூலகத்துக்கு ஆறு கம்ப்யூட்டர்கள் வந்தன. வந்த மாதத்திலிருந்து புத்தகம் கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, "பசங்க நெட்ல பார்க்கிறதை எல்லாம் அப்படியே கட்டுரையில எழுதிட்டு வந்துடுறாங்க. எது சரி, எது தப்புன்னு பார்க்கச் சொல்லிக் குடுங்க. உங்களுக்குத்தான் நேரம் இருக்கே" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் இன்றுவரை அவருக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. ஆனாலும் ஏற்றுக்கொண்டார். இந்த வகுப்புக்குப் பாடப்புத்தகம் கிடையாது, தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. கணக்கு ஆசிரியருக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது இந்தப் பாடவேளைதான். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

அவருடைய முறை இதுதான். மூன்று மூன்று பேராகப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாலு தாள்கள் கொடுப்பார். நாலில் மூன்று உண்மை, ஒன்று பொய். எது பொய் என்று கண்டுபிடித்தால் போதாது. எப்படித் தெரிந்தது என்று சொல்லவேண்டும். உண்மைகளை வேண்டுமென்றே கோணலாகத் தேர்ந்தெடுப்பார். மூன்று இதயம் உள்ள கடல் பிராணி, சதுரச் சதுரமாகச் சாணம் போடும் விலங்கு, இப்படி. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அதில்தான் பெருக்கல் குறி போடுவார்கள். "நம்ப முடியலைங்கிறது ஒரு காரணமா?" என்பார் சார். "உனக்கு நம்ப முடியலைன்னா அது உன் பிரச்சினை. அது என்ன பண்ணும் பாவம், அதுக்கு மூணு இதயம் இருக்கு."

பொய்யை மட்டும் அவரே எழுதுவார்; பன்னிரண்டு கூட்டத்துக்குப் பன்னிரண்டு நகல், புதன்கிழமை கிழிப்பது அவற்றைத்தான். எங்கேயோ கிடக்கும் பொய்யை எடுத்துவந்தால் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து புதிதாக ஒன்று செய்வார். ஆரம்பத்தில் அவருடைய பொய்கள் கத்தின. 'உடனே பகிருங்கள்' என்றன, வரிக்கு வரி ஆச்சரியக்குறி போட்டன. இரண்டே மாதத்தில் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அவரும் கற்றுக்கொண்டார். நல்ல பொய் சத்தம் போடாது. அது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார். அதற்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தார். கெட்டிக்காரப் பொய்க்குள் ஒரு வரி இருக்கும். நாளைக்கு யார் வந்து அதை மறுப்பார்களோ, அவர்களுக்கான பதில் முன்கூட்டியே அந்த வரியில் இருக்கும். "படிச்சு முடிச்சதும் பூட்டு எங்கேன்னு தேடுங்க. கதவுக்குப் பூட்டு இருக்கிறது சரி. தகவலுக்கு எதுக்குடா பூட்டு?" என்பார். முப்பத்தாறு பேரில் நாலு பேர் எழுதிக்கொள்வார்கள். மீதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

பலன் என்ன என்று கேட்டால் அவர் பதில் சொல்லமாட்டார். பதினோரு வருடத்தில் அவரிடம் படித்துப் போன பிள்ளைகளில் சிலர் இப்போது வேலைக்குப் போகிறார்கள். பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் ஆசையாக ஓடிவந்து நம்பரை வாங்கிக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில், உள்ளங்கையை ஏழு முறை தேய்த்தால் கண்பார்வை கூடும் என்று செய்தி அனுப்புகிறார்கள். அவர் "யாரு சொன்னா?" என்று திருப்பி அனுப்புவார். சிரிக்கும் பொம்மை ஒன்று பதிலாக வரும். சார் பழைய ஜோக்கை மறக்கவில்லை என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

முடிவெட்டுகிறவர் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்: "சார், இது நிஜமா?" அவர்களுக்கு வேண்டியது பதில் இல்லை, ஒரு 'ஆமாம்'. இல்லை என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். முடிவெட்டுகிறவரிடம் ஒருமுறை இல்லை என்று சொல்லப்போய், அந்த மாதம் ஒரு பக்கக் கிருதா கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. சொந்தக்காரர்கள் போனில் வைத்திருக்கும் எந்தக் குழுவிலும் அவரைச் சேர்ப்பதில்லை. களைப்பாக இருக்கிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிறவனுக்கு வரும் களைப்பு.

அவருக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவின் கணவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. மகள் தூரத்தில் இருக்கிறாள். கீழ்வீட்டில் அக்கா, மாடியில் தம்பி. காலைச் சமையல் அக்காவுடையது, மாலைச் சமையல் அவருடையது. அக்கா முப்பத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். ஆளைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு, இவன் அழுதுவிட்டுப் பேசுகிறான், இவள் பொய் சொல்லுகிறாள் என்று பிரித்துவிடுவாள். "உன் தாளும் பேப்பரும் எனக்கு எதுக்கு? குரலைக் குடு, நான் சொல்றேன்" என்று தம்பியின் வகுப்பைக் கிண்டல் செய்வாள். வயது அறுபத்தாறு. ரத்தக்கொதிப்புக்கு ஒன்பது வருடமாகத் தினம் ஒரு மாத்திரை.

அன்றைய ஞாயிறு அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பதினோரு வருடம், வருடத்துக்கு முப்பது பொய். சரக்கு தீர்ந்துபோயிருந்தது. மாடியில் வெக்கை தாங்காமல் கீழே வந்து அக்காவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில எழுந்தா முழங்காலுக்குக் கீழ யாரோ ஈரத்துணி சுத்தின மாதிரி இருக்குடா. மத்தியானம் மூணு மணியானா போதும், காரணமே இல்லாம அழுகை வர்ற மாதிரி ஒரு அசதி."

"உம்" என்றார் அவர். மேசையில் மாத்திரை அட்டை கிடந்தது. வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு. பேனா ஓட ஆரம்பித்தது.

நடுவில் கோடு போட்ட வெள்ளை நிற ரத்தக்கொதிப்பு மாத்திரையை நெடுநாள் உட்கொண்டவர்களுக்கு, காலையில் முழங்காலுக்குக் கீழே ஈரத்துணி சுற்றியதுபோன்ற கனமும், பிற்பகல் மூன்று மணியளவில் காரணமில்லாத அசதியும் இருந்தால், அதற்கு அந்த மாத்திரையே காரணம் என்று எழுதினார். இருபது நாள் நிறுத்திப் பார்த்தால் உடம்பே சொல்லிவிடும் என்று எழுதினார். கடைசியாகப் பூட்டைப் போட்டார்: 'உங்கள் மருத்துவர் இதை மறுப்பார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு இது சொல்லப்படவில்லை.' அந்த 'சொல்லப்படவில்லை' அவருக்கே பிடித்துப்போயிற்று. வழக்கம்போல் தாளின் அடியில், 'இது வகுப்புப் பயிற்சிக்காகப் புனையப்பட்டது' என்று சிறிய எழுத்தில் சேர்த்தார். அந்த வரி தெரியாதபடி, நாலு தாளின் அடியையும் ஒரேபோல் மடித்துத்தான் பிள்ளைகளிடம் கொடுப்பார். பாடவேளை முடியும்போதுதான் பிரித்துப் பார்க்கலாம்.

புதன்கிழமை ஆறாவது நிமிடத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அதிகம் பேசாத பெண். கணக்கில் சுமார், பேச்சில் அதைவிடச் சுமார். எல்லாரும் 'ஊமைச்சி' என்று கூப்பிடுவார்கள், அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

"இதுல எல்லாத்துக்கும் பதில் இருக்கு சார். டாக்டர் இல்லைன்னு சொன்னாக்கூட அதுக்கும் பதில் இருக்கு. நிஜமா இருந்தா எதுக்கு சார் அவ்வளவு பயம்?"

பதினோரு வருடத்தில் பூட்டைத் தானாகக் கண்டுபிடித்த முதல் பிள்ளை. மற்றவர்கள் இன்னும் மூன்று இதயத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சார் எழுந்து அவளிடம் போனார். பாராட்டத் தெரியாத மனிதர். கையில் கொடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. அவள் கையிலிருந்த தாளையே வாங்கி, பின்பக்கம், 'பூட்டைக் கண்டுபிடித்தவருக்கு' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, "வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டார். அன்று அவர் கிழித்தது பதினொன்று. கிழிக்கும்போது கை ஒருமுறை நின்றது. பரவாயில்லை, ஒரு பிள்ளைக்காக என்று நினைத்துக்கொண்டார்.

நாலு வாரம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா காபி டம்ளரை மேசை விளிம்பில் வைத்தாள். வைத்ததாக நினைத்தாள், டம்ளர் தரையில் கிடந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமில்ல. கண்ணு ஒரு நிமிஷம் இருட்டிட்டு வந்துச்சு."

"மாத்திரை போட்டியாக்கா?"

"உம்."

குரலை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிப்பது அவள் வித்தை; அவருக்கு அது வராது. அவர் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். அட்டையில் இருக்கவேண்டியதைவிடப் பதினோரு மாத்திரைகள் கூடுதலாக இருந்தன. கேட்டார். அக்கா போனை எடுத்து நீட்டினாள். "உன்கிட்ட சொன்னா யாரு சொன்னான்னு ஆரம்பிச்சுடுவே. அதான் சொல்லல. எங்க ரிட்டையர் ஆனவங்க குழுவுல வந்துச்சு. பெரிய டாக்டர் எழுதினதாம்."

கண்ணாடியைத் துழாவி எடுத்து மாட்டிப் படித்தார். மேலே யாரோ 'மூத்த மருத்துவரின் மனசாட்சி' என்று தலைப்பு வைத்திருந்தார்கள். தாளின் புகைப்படம். அடிவரியை ஒரு பிளாஸ்டிக் மீன் மறைத்துக்கொண்டிருந்தது. ஈரத்துணி. மூன்று மணி. சொல்லப்படவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இங்கே நுணல் தன் வாயால் அக்காவைக் கெடுத்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இதை எழுதினது நான்."

அக்கா சிரித்தாள். "ஆமா. நீதான் எழுதினே."

"சத்தியமா நான்தான்கா. பசங்களுக்காக எழுதின பொய்."

"நீ எழுதினேன்னு யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"நீ சொன்னா போதுமா? உன் பிள்ளைங்களுக்கு அப்படியா சொல்லித் தர்றே?" என்றாள் அக்கா. "கண் ஆபரேஷன் அன்னைக்கு சும்மா செக்கப்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனவன்தானே நீ. என்னை மாத்திரை சாப்பிட வைக்கிறதுக்கு நீ என்ன வேணா சொல்லுவே. உன் குரலே நடுங்குது பாரு. நடுங்கினா நீ பொய் சொல்றேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?"

அவர் குரல் நடுங்கியது பயத்தில். அதை அவளிடம் எப்படி நிரூபிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மாடிக்குப் போய் மேசையை, அலமாரியை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தார். நகல் ஒன்றும் இல்லை. எழுதிய பொய்யை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். அச்செடுத்ததும் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிட்டு, கையெழுத்துப் பிரதியையும் கிழித்துவிடுவார், அதுவும் இரண்டு கூடையில்.

கெஞ்சி, அக்காவை டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்துவிட்டு, இன்னொரு கையிலும் பார்த்தார். "இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிங்கம்மா. மத்ததை அடுத்த வாரம் பேசலாம்" என்றார். அக்கா மரியாதையாகத் தலையாட்டினாள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது டாக்டர் அவரைத் தனியாக அழைத்து, "இன்னும் ரெண்டு மூணு நாள் இப்படியே போச்சுன்னா ஒரு பக்கம் இழுத்துக்கும் சார். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா சொன்னாள்: "நல்ல மனுஷன். பாவம், அவருக்குச் சொல்லலை."

அவர் பூட்டியது. எவ்வளவு நேர்த்தியாகப் பூட்டியிருக்கிறார். இப்போது வெளியே நிற்பவர் அவர்தான்.

பிற்பகல் பள்ளிக்கூடத்தில், கிழிக்காமல் விட்ட ஒரே தாளை வாங்கிப்போன அந்தப் பெண்ணை நூலகத்துக்கு வரவழைத்தார். அந்தத் தாள் போனில் சுற்றுவதைச் சொன்னதும் அவள் தலையை வேகமாக ஆட்டினாள்.

"நான் யாருக்கும் அனுப்பல சார். வீட்டுல பிரிட்ஜ் கதவுல மாட்டி வச்சேன். பொய்னு அம்மாகிட்ட சொன்னேன் சார். சரி சரின்னாங்க."

"நீ ஒண்ணும் பண்ணல. தப்பு என்னுது. அந்தத் தாள் இருக்கா?"

"இருக்கு சார்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "யாராவது நம்பிட்டாங்களா சார்?"

அவர் விரலில் ரப்பர் பாண்டைச் சுற்றினார். "எங்க அக்கா" என்றார்.

பள்ளி விட்டதும் அவளுடன் அவள் வீட்டுக்கு நடந்தார். மூன்று தெரு தள்ளி, அடுக்குமாடியில் இரண்டாவது தளம். கதவைத் திறந்த அம்மாவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மகளைத் தேடி ஒரு ஆசிரியர் வீட்டுக்கு வருவது இதுதான் முதல்முறை. சமையலறையில் பிரிட்ஜ் கதவின் நடுவில் தாள் இருந்தது. மற்றப் பிள்ளைகளின் வீட்டில் மதிப்பெண் பட்டியல் ஒட்டும் இடம். அடியில் நீல நிற மீன் காந்தம், சரியாக அந்தக் கடைசி வரியின் மேல்.

"ரொம்ப உபயோகமான தகவல் சார். எங்க ஆபீஸ் குழுவுல போட்டேன். எத்தனை பேர் நன்றி சொன்னாங்க தெரியுமா?" என்றாள் அம்மா.

"அது பொய்ம்மா. உங்க பொண்ணு சொல்லலையா?"

"சொன்னா சார். நான்தான் அவளுக்குப் புரியலைன்னு நினைச்சேன்." அவள் மகளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "பொய்யைப் போய் யாராவது பரிசா குடுப்பாங்களா சார்?"

அவர் அந்தத் தாளையே பார்த்தார். பதினோரு வருடமாக எல்லாரையும் கேட்ட கேள்விகளில் இது ஒன்று இல்லாமல் போய்விட்டது. நியாயமான கேள்வி. தாளைக் கடனாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் மீனை எடுத்துத் தாளைக் கழற்றி, இரண்டு கையாலும் கொடுத்தாள். பரிசைத் திருப்பிக் கேட்டு வந்த முதல் ஆசிரியரும் அவராகத்தான் இருப்பார்.

வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, அந்தச் செய்தி பொய், அதை எழுதியது நான், மாத்திரையை நிறுத்தியவர்கள் உடனே டாக்டரைப் பாருங்கள் என்று மறுப்பு ஒன்றை எழுதினார். அதை அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அனுப்பினார், அவள் ஆபீஸ் குழுவில் போடச் சொன்னார். தன்னிடம் நம்பர் இருந்த எல்லாப் பழைய மாணவர்களுக்கும் அனுப்பினார். பஸ் வருவதற்குள் மூன்று பதில்கள் வந்தன. மூன்றும் சிரிக்கும் பொம்மைகள். ஒருவன் மட்டும் கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: 'யாரு சொன்னா சார்?'

மாலை ஐந்தரைக்கு அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் தாளை அவள் முன்னால் வைத்தார். அக்கா போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு வரி இதில், ஒரு வரி அதில் என்று விரலை வைத்துப் படித்தாள். அடிவரிக்கு வந்ததும் போனில் இருந்த மீனைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தாளைத் திருப்பினாள். பின்பக்கம் இருந்த கையெழுத்து அவளுக்குத் தெரியும். தம்பியின் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்தவளே அவள்தான். தேதியைப் பார்த்தாள். செய்தி அவளுக்கு வந்த தேதியைப் பார்த்தாள்.

"ஈரத்துணி நான் சொன்னதுடா" என்றாள்.

"ஆமாக்கா."

"மூணு மணி அழுகையும் நான் சொன்னதுதான்."

"ஆமா."

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அக்கா தாளை மடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"இதைப் படிச்சப்போ எனக்குன்னே யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு. முகம் தெரியாத யாரோ ஒருத்தருக்கு என் கால் புரிஞ்சிருக்கேன்னு ஒரு நிம்மதி. அதனாலதான் நம்பினேன். டாக்டர்னு போட்டிருந்ததால இல்ல." பிறகு சொன்னாள்: "அன்னைக்கு உன்கிட்ட சொன்னப்போ நீ நிமிந்துகூடப் பார்க்கல. எழுதிட்டிருந்தே."

அவர் நின்றுகொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. வகுப்பை விட்டுவிட வேண்டும் என்றும் தோன்றியது. நாளைக்குப் புதன்கிழமை என்பதும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் ஓடாமல் இந்த வாரத்துக்கு இன்னும் பொய் எழுதவில்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.  உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் பிடித்து, இழுப்பறையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

ஒன்பது வருடமாக, அவர் எப்போதாவது மாத்திரை எடுத்துக் கொடுத்தால் அக்கா அண்ணாந்து வாயில் போட்டுக்கொள்வாள். என்ன மாத்திரை என்று கேட்டதில்லை.

இன்று மாத்திரையை வாங்கி மேசையில் வைத்தாள். "அட்டையைக் குடு" என்றாள். அவர் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை, கயிறு அவர் கழுத்தில் இருக்கும்போதே, இழுத்துத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அவர் தண்ணீர் டம்ளரோடு குனிந்து நிற்கவேண்டியதாயிற்று. அட்டையைத் திருப்பி, பின்பக்கம் எறும்பு எறும்பாக இருந்த எழுத்துகளை, மருந்தின் பெயரை, செய்த இடத்தை, செய்த தேதியை, முடியும் தேதியை, விரலை ஒவ்வொன்றின் கீழும் வைத்து நகர்த்தி, உதடு அசையப் படித்தாள். இடுப்பு வலித்தது, அவர் அசையவில்லை. கடைசி எழுத்து வரை படித்துவிட்டு மாத்திரையை எடுத்து, நடுவில் இருந்த கோட்டையும் ஒருமுறை பார்த்து வாயில் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே, தண்ணீருக்காகக் கையை நீட்டினாள்.